வாட்டர் கூலரின் பிளக்கை யார் பிடுங்கியது? கல்லூரி வளாகத்தில் பொது சார்ஜிங் வசதி: ஓர் எளிய விளக்கம்

ஏதாவது ஒரு கல்லூரியில் வாட்டர் கூலர் இருக்கும் மூலைக்கு மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூலரின் பிளக் தரையில் கிடக்கும். அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை சார்ஜர் தொற்றிக்கொண்டிருக்கும். சார்ஜரின் ஒயர் குட்டை என்பதால் கூலரின் ஈரத் தலைமேல் செல்போன் படுத்திருக்கும். பக்கத்தில் ஒரு மாணவி, தூளியில் தூங்கும் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும்.

நான் ஒரு கல்லூரியில் மின் பராமரிப்பைப் பல ஆண்டுகள் கவனித்தவன். ஆரம்பத்தில் இதை ஒழுங்கீனம் என்றுதான் நினைத்தேன். 'இங்கே சார்ஜ் போடக் கூடாது' என்று அச்சடித்து கூலருக்கு மேலே ஒட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால், அந்தக் காகிதத்தையே கிழித்து நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சார்ஜருக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்குத் தேவை இருக்கிறது, நாம் செய்து தரவில்லை, அவர்களே வழி கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தேவை இல்லை என்று இன்று யாரும் வாதாட முடியாது. யூ.பி.ஐ. 2016-இல் வந்த பிறகு, சட்டைப்பையில் சில்லறையோடு கல்லூரிக்கு வரும் மாணவர் அருகிவிட்டார். போன் அணைந்தால் கேன்டீனில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. வருகைப்பதிவு, பாடக்குறிப்பு, ஒப்படைப்பு எல்லாம் திரையில்தான். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்போவதாகத் தமிழ்நாடு அரசு தன் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அந்த மடிக்கணினிகள் எல்லாம் வகுப்புக்கு வந்தால் எந்தச் சுவரில் செருகுவார்கள் என்ற கேள்விக்குக் கல்லூரிகள்தான் விடை தேட வேண்டும்.

நிர்வாகத்தில் இந்தப் பேச்சை எடுத்ததும் வரும் முதல் கேள்வி, 'கரண்ட் பில் என்ன ஆவது?' என்பது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். இன்றைய செல்போன் பேட்டரி பெரும்பாலும் 5000 மில்லிஆம்பியர்-மணி. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி. சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகி வீணாவதைச் சேர்த்துச் சுவரிலிருந்து 25 வாட்-மணி இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஆக, ஒரு யூனிட்டில் 40 போன்களைக் காலியிலிருந்து முழுதாக நிரப்பலாம். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் ஒரு போனுக்கு 25 காசு. இரண்டாயிரம் மாணவர்களும் தினமும் கல்லூரியிலேயே முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனாலும் நாளுக்கு ஐந்நூறு ரூபாய். ஆளில்லாத வகுப்பறைகளில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறிகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்வியை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள். செலவு ஒயரிங்கிலும் பராமரிப்பிலும்தான் இருக்கிறது.

எங்கே, எத்தனை?

பலரும் 'எத்தனை பிளக் பாயிண்ட் வைக்கலாம்' என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, மாணவர் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதை.

வகுப்புகளுக்கு இடையே பத்து நிமிட இடைவேளை என்று வைத்துக்கொள்வோம். கணினியின் பழைய யூ.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும். அதாவது 2.5 வாட். பத்து நிமிடத்தில் போன் இரண்டு சதவீதம் ஏறும், இடையில் ஒரு ரீல்ஸ் பார்த்தால் அதுவும் போய்விடும். 5 வாட் சார்ஜரில் நான்கு சதவீதம். அதே பத்து நிமிடத்தில் 18 வாட் வேக சார்ஜர் 3 வாட்-மணியை உள்ளே தள்ளும், அது பதினைந்து சதவீதம். வீடு போய்ச் சேர அது போதும். லித்தியம் பேட்டரியின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும், எண்பது சதவீதத்தைத் தாண்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பந்தியில் முதல் சோறு இறங்கும் வேகம் மோர்ச் சோற்றுக்கு இருப்பதில்லை அல்லவா, அது மாதிரி. எனவே தாழ்வாரத்தில் நிற்கிறவருக்கு வேகம் முக்கியம். நூலகத்தில் மூன்று மணி நேரம் உட்காருகிறவருக்கு வேகம் முக்கியமல்ல, தன் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நூலகத்தில் என் கணக்கு, இருக்கைக்கு ஒன்று. இதில் கஞ்சத்தனம் கூடாது. நான்கு இருக்கைக்கு ஒன்று என்று வைத்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். காலை எட்டரைக்கே அந்த நாற்காலிகளில் பைகள் உட்கார்ந்துவிடும், ஆட்கள் பதினோரு மணிக்கு வருவார்கள். மீதி இருக்கைகள் காலியாகவே கிடக்கும். நூலகர் பஞ்சாயத்து செய்தே களைத்துப்போவார். தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் நான்கு பேருக்கு ஒன்று போதும். ஆனால் உட்கார ஒரு திண்ணையோ பெஞ்சோ இல்லாத இடத்தில் பாயிண்ட் வைப்பது வீண். போனைத் தனியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. நின்றுகொண்டே இருப்பார்கள், வழியை அடைத்துக்கொண்டு.

கேன்டீன் தனிக் கதை. கேன்டீன் நடத்துகிறவருக்கு மேசை காலியானால்தான் வியாபாரம். ஒரு டீக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மடிக்கணினிக்கு சார்ஜ் ஏற்றுவதை அவர் எப்படி விரும்புவார்? எங்கள் கேன்டீனில் அவர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் துளைகளை ஒட்டிவிட்டார். நானும் பிரிக்கச் சொல்லவில்லை. வெளித் திண்ணையில் ஆறு பாயிண்ட் போட்டுக் கொடுத்ததும் இரு தரப்பும் அமைதியானது.

உயரத்தையும் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் பாயிண்ட் ஒன்று தரையோரம் இருக்கும், அல்லது ஆளுயர சுவிட்ச் பாக்ஸில் இருக்கும். தரையோரம் இருந்தால் துடைப்பத் தண்ணீர் புகும். ஆளுயரத்தில் இருந்தால் சார்ஜர் ஒயரில் போன் தூக்குப் போட்டுத் தொங்கும். சக்கர நாற்காலியில் வருகிற மாணவருக்கு இரண்டுமே எட்டாது. மின் சக்கர நாற்காலிக்கும் காது கேட்கும் கருவிக்கும் சார்ஜ் வேண்டும் என்பதை வளாகத் திட்டம் போடுகிறவர்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டும் உயரம், மேசை இருந்தால் மேசைப் பலகைக்குச் சற்று மேலே. அதுதான் சரி.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

இங்கேதான் கவனம் வேண்டும். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். நம் மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 x 6 = 1380 வாட். ஒரு மடிக்கணினி சார்ஜர் 65 வாட் என்றால் இருபது மடிக்கணினிக்கு 1300 வாட். 'அடடே, ஒரே பாயிண்டில் இருபது மடிக்கணினி!' என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர் ஒயரிங் நடைமுறையில், விளக்கு, மின்விசிறி, 6 ஆம்பியர் பாயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மொத்த லோடு 800 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்கால விதி. தாழ்வாரத்தில் ஓடும் விளக்கு சர்க்யூட்டில் ஏற்கெனவே எட்டு விளக்குகள் இருக்கும். அதிலிருந்தே ஒரு ஒயரை இழுத்து வரிசையாக ஆறு பாயிண்ட் போட்டுவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சார்ஜிங்குக்கென்று தனி சர்க்யூட், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். இப்படிப் பிரித்துவிட்டால், இங்கே ஏதாவது தகராறு ஆனாலும் தாழ்வாரம் இருளில் மூழ்காது.

தகராறு ஆகும். ஏனென்றால் பாயிண்ட் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதில் போன் மட்டும் செருகப்படுவதில்லை. விடுதியில் தடை என்பதால் தண்ணீர் காய்ச்சும் மின்கெட்டிலைப் பையில் கொண்டுவந்து படிக்கும் அறையில் செருகியவர்கள் உண்டு. 1500 வாட் கெட்டில் ஒன்று, 23 மடிக்கணினிகளுக்குச் சமம். பத்து மடிக்கணினிகள் ஓடும் சர்க்யூட்டில் அதுவும் சேர்ந்தால் 6 ஆம்பியர் எம்.சி.பி. சிறிது நேரத்தில் விழுந்துவிடும். விழுவது நல்லதற்குத்தான். திரும்பத் திரும்ப விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு 16 ஆம்பியரை மாட்டுவது மட்டும் கூடாது. ஒயரும் பிளக் பாயிண்டும் அதே பழையவையாக இருந்தால், அடுத்த முறை எம்.சி.பி. விழாது, பாயிண்டும் ஒயரும்தான் வேகும்.

எம்.சி.பி. காப்பது ஒயரை. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சாதனம். போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தால், யாரோ ஒருவர் உடல் வழியாகத் தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஈரக் கையும் மழைச் சாரலும் உள்ள பொது இடத்தில் இது இல்லாமல் ஒரு பாயிண்ட் கூட வைக்கக் கூடாது. இதில் பேரம் பேசும் ஒப்பந்ததாரரை அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது துளையான எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலோக உடல் கொண்ட மடிக்கணினியை சார்ஜில் போட்டுவிட்டு அதன் மேல் மணிக்கட்டை வைத்தால் சில இடங்களில் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று இருக்கும். சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு மடிக்கணினியின் உலோக உடலுக்கு வருகிறது. எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய்விடும், இல்லையென்றால் உங்கள் கையைத் தேடும். அந்த அளவு கசிவு ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மூன்று பின் சார்ஜரைச் செருகியும் சுருசுரு என்றால், அந்தப் பாயிண்டில் எர்த் ஒயர் பெயருக்குத்தான் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பராமரிப்பு அலுவலகத்தில் சொல்ல வேண்டிய புகார் அது. மாணவர்கள் இதை ஒரு வேடிக்கையாக மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த மடித்த காகிதத்துக்கு வருகிறேன். ஏன் சார்ஜர் ஆடுகிறது? நம் 6 ஆம்பியர் பிளக்கின் பின் சுமார் 5 மி.மீ. தடிமன். போன் சார்ஜர்களின் இரட்டைப் பின் பெரும்பாலும் ஐரோப்பிய அளவில் 4 மி.மீ. துளைக்குள் இருக்கும் உலோக இதழ்கள் புதிதாக இருக்கும்வரை இறுக்கிப் பிடிக்கும். நாளுக்கு நாற்பது முறை செருகிப் பிடுங்கினால் இதழ்கள் விரிந்துவிடும். அப்புறம் சார்ஜர் தன் எடையிலேயே முன்பக்கம் சாயும். உள்ளே 'சிர்' என்று சிறு பொறி, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம். வளையம் தெரிந்தால் அந்தப் பாயிண்டின் ஆயுள் முடிந்தது, காகிதம் செருகித் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வகைப் பின்களையும் இறுகப் பிடிக்கும் தரமான பாயிண்ட், வீட்டுக்கு வாங்குவதைவிடக் கொஞ்சம் விலை அதிகம்தான். பொது இடத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

யூ.எஸ்.பி.யா, மூன்று பின்னா?

சுவரிலேயே யூ.எஸ்.பி. துளை வைத்துவிட்டால் சார்ஜரே தேவையில்லையே என்று தோன்றும். நானும் ஒரு கட்டத்தில் மயங்கினேன். பட்டையான பழைய யூ.எஸ்.பி.-ஏ துளை 1,500 முறை செருகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வீட்டில் அது பல ஆண்டு வரும். நாளுக்கு 15 முறை செருகும் நூலக மேசையில் நூறு நாள் கணக்கு. ஒரு பருவம் முடிவதற்குள் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து எட்டிப்பார்க்கும். யூ.எஸ்.பி.-சி துளைக்குக் கணக்கு 10,000 முறை, அது எவ்வளவோ மேல். அதோடு, எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று கருவியும் சார்ஜரும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும் 'பவர் டெலிவரி' முறை அதில் உண்டு. 5 வோல்ட்டில் தொடங்கி 20 வோல்ட் வரை போய் 100 வாட் தரும், 2021-இல் வந்த புதிய விதிமுறையின்படி 240 வாட் வரைகூட. போனுக்கும் மடிக்கணினிக்கும் ஒரே துளை போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து புதிய போன்களுக்கு யூ.எஸ்.பி.-சியைக் கட்டாயமாக்கிவிட்டதால், உலகம் போகும் திசையில் சந்தேகம் இல்லை.

இருந்தாலும் என் ஓட்டு மூன்று பின் பாயிண்டுக்குத்தான். பக்கத்தில் ஒரு யூ.எஸ்.பி.-சி இருந்தால் நல்லது. துளைகளின் வடிவம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது, நம் மூன்று பின் துளை என் தாத்தா காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. ஒயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சார்ஜிங் கம்பங்களை வாங்கவே வாங்காதீர்கள். முதல் வாரத்தில் முனைகள் உடையும், இரண்டாவது வாரத்தில் ஒயர்கள் காணாமல் போகும், பிறகு விளம்பரப் பலகை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். கம்பியில்லா சார்ஜிங் தட்டு பார்க்க அழகு. ஆனால் போன் சற்று விலகினாலும் ஏறாது, சூடும் அதிகம். அந்த வசதி உள்ள போன் நம் மாணவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

மூன்று பின்னுக்கு இன்னொரு லாபம், தகவல் திருட்டு பயம் குறைவு. யூ.எஸ்.பி. ஒயரில் மின்சாரத்தோடு தகவலும் போகும் என்பதால், பொதுத் துளைக்குள் ஒருவர் கள்ளக் கருவியை ஒளித்து வைத்து போனில் உள்ளதை உறிஞ்சலாம் என்ற எச்சரிக்கை உண்டு. 'ஜூஸ் ஜாக்கிங்' என்று பெயர். 2011-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் இதைச் செய்து காட்டினார்கள். நம் ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் இது இருக்கிறது. பரப்பப்படும் பீதி அளவுக்கு நிஜ வழக்குகள் இல்லை. உறுதியான நிகழ்வு எதுவும் தன் கவனத்துக்கு வரவில்லை என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமே சொல்லியிருந்தது. ஆனாலும் சொந்த சார்ஜரைச் சுவரில் செருகினால் இந்தக் கவலையே கிடையாது, அதில் மின்சாரம் மட்டும்தான் வரும். யூ.எஸ்.பி. துளையில்தான் செருகியாக வேண்டும் என்றால், 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவர் உங்களிடம் அனுமதி கேட்டால் அது சுவர் அல்ல.

மரத்தடிக்கு ஒயர் கொண்டுபோவது சிரமம் என்றால் சூரியத் தகடு பொருத்திய பெஞ்ச் ஒரு வழி. எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் 100 வாட் தகடு ஒன்று நாளுக்கு 400 முதல் 500 வாட்-மணி தரும், அதாவது பதினாறிலிருந்து இருபது போன். மடிக்கணினி என்றால் ஏழெட்டுக்கு மேல் தாங்காது. ஒரு முரண்பாடும் இருக்கிறது: தகட்டுக்கு வெயில் வேண்டும், போனுக்கு நிழல் வேண்டும். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆவதை விரும்புவதில்லை. சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ சிமெண்ட் பெஞ்சில் வைத்த போன், 'சூடாக இருக்கிறேன்' என்று தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். தகட்டைக் கூரையாக உயர்த்தி, உட்காரும் இடத்தை அதன் நிழலில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

இரவில் என்ன செய்வது? ரயில் பெட்டிகளில் இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 மணிவரை சார்ஜிங் பாயிண்ட்களை அணைத்து வைக்க வேண்டும் என்று 2021-இல் ரயில்வே கண்டிப்புக் காட்டியதற்குக் காரணம் தீ பயம். எல்லோரும் தூங்கும்போது ஒரு சார்ஜர் புகைந்தால் பார்க்க ஆள் இல்லை. கல்லூரிக்கும் இதே நியாயம்தான். சார்ஜிங் சர்க்யூட்டுக்கு ஒரு டைமர் சுவிட்ச் போட்டு, நூலகம் மூடும் நேரத்தோடு அதுவும் அணையும்படி செய்துவிடலாம். ஜங்ஷன் பாக்ஸில் இன்னொரு ஜங்ஷன் பாக்ஸைச் செருகி, மேசைக்கு அடியில் ரயில் வண்டி ஓட்டும் வழக்கத்தை மட்டும் எந்த நேரத்திலும் அனுமதிக்காதீர்கள்.

போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஓர் எண்ணை பெயிண்டால் எழுதி, பழுதானால் யாருக்குச் சொல்வது என்று பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 'நூலகம், இரண்டாம் மாடி, 14' என்று செய்தி வந்தால் எலக்ட்ரீஷியன் நேரே போய்விடுவார். 'மேலே எங்கேயோ ஒன்று வேலை செய்யவில்லை' என்றால் அவர் டீ குடிக்கத்தான் போவார். மாதம் ஒருமுறை அவர் எர்த் சோதிக்கும் கருவியோடு ஒரு சுற்று வர வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் 'டப்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும்.

கூலரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்கு பிளக்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். ஒயரை நேராகச் சுவரில் உள்ள சுவிட்சோடு இணைத்து, மேலே ஒரு பெட்டி போட்டு மூடிவிட்டோம். எதிர்ப்பக்கத் திண்ணையில் எட்டு பாயிண்ட். சில நாள் கழித்துப் போய்த் தண்ணீர் பிடித்தேன், பல் கூசியது.